செல்லுக்குப் பொய் தெரியாது

என்னை ஞாபகம் இருக்கா சிஸ்டர்? மூளைக்காய்ச்சல் வார்டு, ஜன்னலோரக் கட்டில்ல எங்க வீட்டுக்காரர். ஆமா, வயித்தைத் தள்ளிக்கிட்டு நடந்தேனே, அவளேதான். பொண்ணு. எட்டு மாசம் ஆச்சு. பல்லு ரெண்டுதான், கடிக்கிறது முப்பத்திரெண்டுக்கு.

அவரா? நடக்கறாரு, சாப்பிடறாரு. ஆனா இங்க கிடந்த ரெண்டு மாசம் சுத்தமா ஞாபகத்துல இல்ல. புதுசா எதைச் சொன்னாலும் மறுநாள் நிக்காது. பெரிய டாக்டர்தான் படம் போட்டுக் காமிச்சாரு. மூளையில ஒவ்வொரு செல்லுக்கும் வேர் மாதிரி கை இருக்காம். ஒருதடவை சொன்னா பக்கத்துச் செல்லைத் தொட்டுட்டு விட்டுடுமாம். தினமும் விட்டு விட்டுச் சொன்னா, புதுசா மொட்டு விட்டு இறுக்கிப் பிடிச்சுக்குமாம். அப்புறம் லேசுல விடாதாம்.

பிடிச்சுக்கிட்டேன். காலையில பத்து நிமிஷம், பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு அவருக்கு அவ பேரைச் சொல்வேன். பகல்ல நான் தையல் கம்பெனிக்குப் போயிடுவேனா, அவரோட அக்கா வந்து பாத்துக்குவாங்க. முறையை நானே உக்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே நாற்காலி, ஒரே நேரம், ஒரே வார்த்தை, மாத்தாதீங்க அண்ணின்னு. கப்புன்னு புரிஞ்சுக்கிட்டாங்க.

போன வாரம் காலையில, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பாப்பா பேரைச் சொல்லிட்டாரு. பால்புட்டியைக் கீழ போட்டுட்டேன், அவ்ளோ சந்தோஷம். அதே மூச்சுல கேட்டாரு, நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டியாமே, அக்காதானே கூட இருந்துச்சுன்னு. கோவம்கூட இல்ல சிஸ்டர். பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

இங்க ரெண்டே தடவை, பழப்பையோட எட்டிப் பாத்தாங்க அண்ணி. ஏன் இப்படிச் சொல்லிக் கொடுத்தீங்கன்னு நேராவே கேட்டேன். அவனுக்கு நீ இருக்கே, பொண்ணு இருக்கா, என்னையும் ஒரு மூலையில நினைச்சுக்கட்டுமேன்னாங்க. அதுக்கு என்னையத் தூக்கிப் போட்டுட்டா அந்த மூலைக்குப் போகணும்?

டாக்டர்கிட்ட ஓடினேன். உண்மையா பொய்யான்னு செல்லுக்குத் தெரியாதும்மா, திரும்ப நினைக்கிறப்போ பிடி கொஞ்சம் இளகும், அப்போ வேற ஒண்ணு சேர்ந்தா மாறலாம்னாரு. நானும் சொல்லிப் பாத்தேன். பச்சைப்புள்ள புளுகுறதைக் கேக்கற மாதிரி சிரிக்கறாரு.

எங்க வீடு நீங்க வீட்டுக்குப் போற வழியிலதான். கட்டிலோரமா பாய் போட்டு நான் படுத்திருந்ததையும், எழுப்ப மனசில்லாம என்னைத் தாண்டித் தாண்டி நீங்க ஊசி போட்டதையும் அவர்கிட்ட சொல்றீங்களா? ஒருநாள் பத்தாது சிஸ்டர். ஒரு பத்து நாள் வாங்க. அதே நாற்காலியில உக்காந்து, வார்த்தை மாத்தாம சொல்லுங்க.