கழுவாத பாட்டில்

— ஒரு கையெழுத்துதானே சம்பந்தியம்மா? உங்க பேனாவுல மை இல்லேன்னா சொல்லுங்க, என் பேனா இருக்கு. இந்தாங்க.

— மை இருக்கு சம்பந்தி. போடத்தான் மனசு வரல.

— என்ன விளையாட்டு இது? லாரி கீழ நிக்குது. தையல் நூல் அவ்வளவும் ஏத்தியாச்சு. ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு நூல் வரலேன்னு போன் மேல போன். உங்க டெஸ்ட் ரூம் சீட்டு ஒண்ணுதான் பாக்கி. லோடு அனுப்பறது என் பொறுப்பு. நீங்க என்னடான்னா பாட்டிலை வெளிச்சத்துல ஆட்டிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க.

— இந்த லோடு நூல்ல ஒரு துண்டு இதுக்குள்ள கிடக்கு. அதுல உயிரோட ஏதாவது இருந்தா இந்தத் தண்ணி கலங்கும்.

— கலங்கலையே! குடிச்சுடலாம் போல இருக்கு. ரெண்டு நாளாச்சு. எப்பவும் ரெண்டு நாள்தானே பாப்போம்?

— இதுவரைக்கும் பாத்தோம். இனிமே ஒரு வாரம்.

— ஒரு வாரமா! முதலாளி என்னை உரிச்சுத் தொங்க விட்டுருவார். பெட்டியில ஒட்டின பட்டையைப் பாருங்க, மஞ்சளா இருந்தது செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. கிருமியைக் கொல்ற கதிர் முழுசாப் பட்டிருக்கு. மெஷின்ல நின்னது யாரு? என் பையன். நாளைக்கு உங்க மாப்பிள்ளை ஆகப்போறவன். வீட்டுல தின்ன தட்டைக் கழுவ மாட்டான், சோம்பேறி, ஒத்துக்கறேன். உங்க பொண்ணுதான் பாவம். ஆனா மெஷின் வேலையில ஒரு குறை சொல்ல முடியாது.

— மாப்பிள்ளையை யார் குறை சொன்னா? கதிர் சரியாத்தான் பட்டிருக்கு. பட்டை செவந்தா கதிர் பட்டுச்சுன்னு அர்த்தம். கிருமி செத்துச்சுன்னு அர்த்தம் இல்ல.

— அதுல சாகாத உயிரும் உண்டா?

— உண்டு. இந்தப் பாட்டிலைப் பாருங்க. போன லோடோடது.

— ஐயய்ய, என்ன இது அடியில, செவப்பா?

— ரெண்டாம் நாள் இதுவும் தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. சுத்தம்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். லோடு போயிடுச்சு. பாட்டில் மட்டும் கழுவாம அலமாரியிலேயே இருந்துச்சு. அப்புறம் பாத்தா இப்படி.

— மேல இருந்து ஏதாவது தூசி விழுந்திருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். அதுல கொஞ்சம் எடுத்து வளர்த்து, திரும்பவும் அதே அளவு கதிர்ல விட்டுப் பாத்தேன். ரெண்டு நாள் பொணம் மாதிரி கிடந்துச்சு. அப்புறம் எழுந்துடுச்சு.

— பொணம் எப்படிங்க எழுந்துக்கும்?

— டி.என்.ஏ.ன்னு சொல்றோமே, அதுவும் ஒரு நூல்தான். கதிர் பட்டதும் கண்டபடி அறுந்துபோகும். மத்த கிருமியெல்லாம் அதோட காலி. இது அவசரப்படாது. வளராது, பெருகாது, சும்மா கிடக்கற மாதிரி கிடக்கும். உள்ள மும்முரமா வேலை நடக்கும். அதே நூல் அதுகிட்ட நாலஞ்சு இருக்கு. ஒவ்வொண்ணும் வேற வேற இடத்துல அறுந்திருக்கும். இதுல இல்லாததை அதுல பாத்து, முனையோட முனை சேத்துத் தச்சுக்கும்.

— அவ்வளவும் அறுந்துபோற கதிர்ல தைக்கற கைக்கு மட்டும் அடிபடாதா?

— அங்கதான் அது கெட்டி. நூல் அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்னு விட்டுடும். தைக்கற கையை மட்டும் பத்திரமா வெச்சுக்கும்.

— அப்ப நம்ம கம்பெனி நூலை விட அது நல்லாத் தைக்குதுன்னு சொல்லுங்க!

— சிரிக்காதீங்க சம்பந்தி.

— சரி, சிரிக்கல. அது ஆளை ஏதாவது பண்ணுமா?

— தெரியாது. அநேகமா பண்ணாது.

— அப்புறம் என்னங்க!

— அந்த ‘அநேகமா’வை நோயாளி வயித்துக்குள்ள வெச்சுத் தைக்கச் சொல்றீங்களா? இந்த லோடு போகாது. போன லோடும் திரும்பி வரணும்.

— மேடம், இனிமே நான் சம்பந்தியாப் பேசல.

— இருக்கட்டும்.

— போன லோடைத் திருப்பிக் கூப்பிட்டா கம்பெனி பேரு நாறிடும். என் வேலை போயிடும். வேலை போனவன் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு மகனுக்குக் கல்யாணம் பண்ணுவான்? அதுவும் நிக்கும். நல்லா யோசிச்சுக்கோங்க.

— யோசிச்சாச்சு. பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். ‘நிக்கறதுன்னா நிக்கட்டும்மா’ன்னா.

— அவளுமா?

— அழுதுக்கிட்டேதான் சொன்னா. எனக்கு மட்டும் வயிறு எரியலேன்னா நினைக்கறீங்க? இப்படி ஒரு மாப்பிள்ளை எனக்கு எங்க கிடைப்பார்? ஆனா கையெழுத்து கிடையாது.

— எல்லாம் அந்த ஒரு பாட்டிலால வந்த வினை. ரெண்டாம் நாளே கழுவிக் கவுத்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல.

— கிருமி இருந்திருக்கும். நமக்குத்தான் தெரிஞ்சிருக்காது.

— கழுவறது யாரு? மெஷின் பசங்கதானே ஆளுக்கொரு வாரம் இங்க வந்து கழுவறானுங்க? அந்த வாரம் எவன்?

— பேரைக் கேக்காதீங்க.

— கேப்பேன். அவனோட மறதிக்கு நான் பலியா? இருங்க... ஹலோ, முதலாளி, நான்தான். ஆமா, லோடு தாமதம்தான். இங்க ஒருத்தன் பாட்டிலைக் கழுவ மறந்துட்டு எல்லாத்தையும் குழப்பி வெச்சிருக்கான். எவனா இருந்தாலும் சாயங்காலத்துக்குள்ள சீட்டைக் கிழிச்சுடறேன். என் வாக்கு.

— அவசரப்பட்டுட்டீங்க சம்பந்தி.

— சொன்னா சொன்னதுதான். எவன் அவன்? வாயைத் திறங்க... யாரு கதவுகிட்ட? நீ எதுக்குடா மெஷினை விட்டுட்டு இங்க வந்தே?

— மெஷினை நிறுத்திட்டேன்பா. லாரி சாவியையும் வாங்கிட்டேன்.

— எவனைக் கேட்டுடா?

— யாரையும் கேக்கல. அத்தையைத் திட்டாதீங்கப்பா. என் பேரைச் சொல்ல வேண்டாம், நானே அப்பாகிட்ட சொல்லிக்கறேன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். அந்த வாரம் என் முறை.

— நீயா? அடப்பாவி, வீட்டுல தட்டைக் கழுவ மறக்கற மாதிரி இதையும் மறந்துட்டியேடா!

— மறக்கலப்பா. நூல் அலசற தொட்டி மூலையில அந்தச் செவப்பைப் பாத்தேன். நூல்லயும் அது ஒட்டியிருந்தா ரெண்டு நாள் கழிச்சாவது தெரியட்டும்னு வேணும்னேதான் கழுவாம வெச்சேன்.