கால் லிட்டர் தூக்கும் ஆயிரம் வாலாவும்

பெயர் தங்கபுஷ்பம், வயது 66, கணவர் பெயர் சண்முகசுந்தரம், வயது 74. தியாகராய நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம், கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறோம். அடையாறில் உள்ள தனியார் மருத்துவமனை எதிரில் பட்டாசு வெடித்தது சம்பந்தமாக விசாரிக்கப்பட்டதில் நான் சொல்வதாவது:

சென்ற திங்கட்கிழமை என் கணவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைப்பதாக இருந்தது. அதற்கு முன் டாக்டர் அவருடைய வயது, சர்க்கரை, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, ரத்தக்குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் மருந்து இவரைப் போன்ற நூறு பேரில் இருபத்தாறு பேருக்குக் கிட்னியைக் கெடுக்கலாம் என்றார். நூற்றுக்கு இருபத்தாறா என்று நான் மறுபடி மறுபடி கேட்டேன். என் கணவரோ, "ஏளா, மீதி எழுபத்திநாலு பேரு தப்பிக்காவல்லா, நான் அந்தப் பக்கம் நிக்கேன்" என்று சிரித்தார்.

அதன் பிறகு முன்கூட்டியே சலைன் ஏற்றி, மருந்தைக் குறைவாகச் செலுத்தி, ஸ்டென்ட் நல்லபடியாக வைத்தார்கள். சிறுநீரை அளந்து எழுதி வைக்கும்படி நர்ஸ் மெஹக் ஒரு பிளாஸ்டிக் ஜாடி தந்தார். உள்ளே இருப்பது வெளியே தெரிகிறதே என்று கணவர் கூச்சப்பட்டதால், கடையிலிருந்து கால் லிட்டர் தூக்கு ஒன்று எடுத்து வந்து அதில் அளந்தேன். மறுநாள் மாலை வரை மூன்று தூக்கு ஆனது. மூன்று கால் லிட்டர் என்று எழுதினேன்.

அதைப் பார்த்த மெஹக் முகம் மாறி, ஏறிய சலைனுக்கு இது மிகக் குறைவு என்று டாக்டரை அழைக்கப் போனார். இருபத்தாறில் ஒருவராகிவிட்டார் என்றே நினைத்து அழுதேன். போகிற வழியில் தூக்கைப் பார்த்த மெஹக் நின்று, அதில் வாய்வரை தண்ணீர் பிடித்து ஜாடியில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இதுவா கால் லிட்டரு? அரை லிட்டர் புடிக்குது" என்றார்.

எங்கள் வியாபாரத்தில் பால் தளும்பாமலிருக்க மேலே இடம் விட்டுத்தான் கால் லிட்டர் என்போம். நாற்பது வருடமாக விற்கிறவள் நான், வாய்வரை பிடித்துவிட்டுக் கால் என்றே எழுதியிருக்கிறேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

அதன் பிறகு மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையிலும் கிட்னிக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். உடனே நான் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போய், தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய ஆயிரம் வாலாவை எடுத்து வந்து, காலை 11.10 மணிக்கு மருத்துவமனைக்கு எதிரே டீக்கடை ஓரத்தில் நானே கொளுத்தினேன். யாரும் தூண்டவில்லை. சத்தம் போடக் கூடாது என்ற பலகையைப் பார்த்தேன், சந்தோஷத்தில் படிக்கவில்லை. உள்ளே இருதய நோயாளிகள் இருப்பது பாதிச் சரம் வெடித்த பிறகுதான் உறைத்தது. டீக்கடை வாளியிலிருந்து, என் பையில் இருந்த அதே தூக்கால் தண்ணீர் மொண்டு ஊற்றி மீதியை அணைத்தேன்.

அப்போது மருத்துவமனையின் முதல் மாடி ஜன்னலில் என் கணவர் நின்று கத்திக்கொண்டிருந்தார். மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அபராதமும் கட்டுகிறேன். மறுபடி இப்படிச் செய்வீர்களா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, இங்கே செய்ய மாட்டேன், மீதிச் சரத்தைக் காயவைத்து, அவர் வீடு திரும்பும் நாளில் எங்கள் கடை வாசலில் வெடிப்பேன் என்று சொன்னேன்.

ஜன்னலிலிருந்து அவர் என்ன கத்தினார் என்றும் கேட்டார்கள். "ஏளா, நான் அந்தப் பக்கந்தான் நிக்கேன்" என்றார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ச. தங்கபுஷ்பம்