உள்ளே ஆள் இருக்கா?

விளக்கு வைக்கிற நேரம். மூடிப்போன மில்லைச் சுற்றிக்கொண்டு போகும் சாலை... ஒரு பக்கம் மில்லின் சுவர், மறுபக்கம் முட்புதர். ஈ காக்கை கிடையாது. அந்தச் சாலையில் பள்ளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள்.

கதவைத் தாழ் போட்டாயிற்றா? சரி, நெருங்கி உட்காருங்கள். 'ம்' கொட்டலாம். யாராவது இளித்தால் எழுந்து போய்ப் படுத்துவிடுவேன், ஆமாம். கதவைத் தட்டினால் 'யாரு' என்றுகூடக் கேட்காமல் ஏன் ஊமை மாதிரி வந்து திறக்கிறாய் என்று என்னைக் கேலி செய்தீர்களே, அதற்குத்தான் இந்தக் கதை.

அந்தப் பெண், எங்கள் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் தோழிக்கு நாத்தனார் மகள். வீட்டில் எல்லாருக்கும் அவள் வாயாடி. ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாள். வரலாற்று டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். மில்லில் நடந்த வேலைநிறுத்தம் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரே வரி, 'சிறு அசம்பாவிதம்' என்று. இவள் வகுப்பில் எழுந்து, "சிறுன்னா எத்தன பேர் டீச்சர்?" என்று கேட்டு வைத்தாள். "அந்தக் காலத்துப் பேப்பரத் தேடிப் படி. நீயே வந்து எங்களுக்குச் சொல்லு" என்றார் டீச்சர். வாயாடிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

சாலை முடிகிற இடத்தில்தான் நூலகம். மில்லின் பஞ்சுக் கிடங்காக இருந்த கட்டடம் அது. பழைய பேப்பர் எல்லாம் கீழ்த்தளத்தில், தடித்தடியாக பைண்டு செய்து கிடக்கும். அங்கே உள்ள இரும்பு அலமாரிகள் தண்டவாளத்தில் ஓடுபவை. பக்கத்தில் ஒரு சக்கரம், பஸ் ஸ்டியரிங் மாதிரி. சுற்றினால் ஒரு சந்து திறக்கும், பக்கத்துச் சந்து மூடும். அதனால் நூலகர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சுற்றுவதற்கு முன் உரக்கக் கேட்பார்: "உள்ளே ஆள் இருக்கா?" உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்த மனிதர் ஒருநாளும் சக்கரத்தில் கை வைத்ததில்லை.

அவர் சந்தைத் திறந்து விட்டுவிட்டு மாடிக்குப் போனார். வாயாடி நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கிடைத்துவிட்டது. தனியாக இருந்தாலும் அவளுக்கு வாய் சும்மா இருக்காதே... சத்தமாகவே படித்தாள்.

இருபத்திரண்டு பேர். வேலைநிறுத்தம் செய்தவர்கள் இதே கிடங்கில், பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள். முதலாளியின் ஆட்கள் இரும்புத் தடியும் மூட்டைக் கொக்கியுமாக வந்து, இருட்டில் நின்று அன்பாகக் கேட்டார்கள்: "உள்ளே ஆள் இருக்கீங்களா? பயப்படாதீங்க, வீட்டுக்கு அனுப்பிடறோம்." யாரோ ஒருவன் நம்பி, "இருக்கோம்" என்றான். அவ்வளவுதான். குரல் வந்த திசையில் புகுந்தார்கள். மண்டை மண்டையாக உடைத்தார்கள். கொக்கியைத் தாடையில் மாட்டி இழுத்துப் போட்டு அடித்தார்கள். தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு கிடந்த ஒருவன் மட்டும், குற்றுயிராக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான். 'பதில் சொல்லியிருக்கக் கூடாது' என்றானாம். மறுநாள் அவனும் போய்விட்டான்.

பாவிகள்!

படித்து முடித்ததும் ஒரு வாசனை... மெஷின் எண்ணெய். பழம்பேப்பரின் புழுதி நெடிக்கு நடுவே, பச்சையாக.

மேலே மூடும் நேரம். நூலகர் இறங்கி வந்தார். சக்கரத்தருகே நின்று கேட்டார்.

"உள்ளே ஆள் இருக்கா?"

வாயாடி வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் வாயைப் பொத்தியது. காய்ப்புக் காய்ப்பாக ஒரு பெரிய கை. அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது பேப்பர் அடுக்கு மட்டும்தான். காதோரம் யாரோ ஒருவன் கெஞ்சினான்.

"பேசாத பாப்பா... பேசினா கொன்னுடுவாங்க..."

நூலகர் மறுபடி கேட்டார். பதில் இல்லை. வாயாடி உள்ளே இருந்தால், கேட்பதற்கு முன்பே பதில் வந்திருக்குமே என்று நினைத்தார். பாவம், யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? சக்கரத்தைச் சுற்றினார்.

கடகட... கடகட... கொஞ்ச தூரம் போய் நின்றது. ஏதோ புத்தகம் விழுந்து தடுக்கிறது என்று இரண்டு கையாலும் தம் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். உள்ளே காய்ந்த விறகை முறிக்கிற மாதிரி சத்தம்... ஒன்று... இன்னொன்று. அலறல் மட்டும் இல்லை. அப்புறம் குனிந்து பார்த்தார். தண்டவாளத்தின் பள்ளத்தில் ரத்தம் ஓடி வந்து அவர் செருப்பைத் தொட்டது.

விலா எலும்பு நாலு போயிற்று. வலது கை முழங்கைவரை சதைக்கூழ். எங்கள் ஆஸ்பத்திரியில்தான் வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியதே பெரிது. கன்னத்தில் இருந்த கறுப்பு எண்ணெய்க் கறையை, பஞ்சும் ஸ்பிரிட்டுமாகத் துடைத்தது என் தோழிதான். வாயாடி அதன்பிறகு வாயே திறக்கவில்லை. அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வார்த்த பேசுடி, என் ராசாத்தி" என்று நாள் முழுக்க அழுவாள். வாயை மூடு, வாயை மூடு என்று வளர்த்தவள் அவள்.

ஒரு மத்தியானம். என் தோழி மருந்துத் தட்டோடு வாயாடியின் அறைக்குப் போனாள். கை இரண்டும் வேலையாக இருந்ததால் காலால் கதவைத் தட்டி, சும்மா கேட்டாள்: "உள்ளே ஆள் இருக்கீங்களா?"

உள்ளே நாற்காலி ஒன்று கீச்கீச்சென்று கொஞ்ச நேரம் இழுபட்டது. பிறகு வாயாடியின் குரல்: "யாருமில்ல."

பிள்ளை பேசிவிட்டாள்! தோழிக்கு சந்தோஷம் தாங்கவில்லை. தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு சிரித்தபடியே உள்ளே போனாள்.

நாத்தனார், அதுதான் வாயாடியின் அம்மா, நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். விழி பிதுங்கி, மூக்கு உடைந்து, முகம் நீலம் பாரித்திருந்தது. இரண்டு கன்னத்திலும் விரல் விரலாகக் குழி. மூச்சில்லை. அறை முழுக்க மெஷின் எண்ணெய் வாசனை.

கட்டிலில் வாயாடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அம்மா பதில் சொல்லப் பாத்தாங்க அத்தை... நல்லவேளை, நான் பொத்திட்டேன்" என்றாள்.

எப்படிப் பொத்தினாள் என்று தூக்கியும் காட்டினாள். முழங்கைக்குக் கீழே ஒன்றுமே இல்லாத அந்த வலது கையை.