மாதிரிப் பிள்ளை

— சீ! இதையா குறைன்னு எழுதிருக்கீங்க?

— அதாவதும்மா, "உணர்வைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை"ன்னு எழுதிருக்கேன். வகுப்புல பக்கத்துப் பிள்ளை அழுதா உங்க பொண்ணும் சேர்ந்து அழறா.

— பின்னே? ஒருத்தி அழறப்போ இவ சிரிக்கணுமா? பிள்ளைங்க மனசைப் படிச்ச மேடம்னு சொன்னாங்க உங்கள!

— நான் சண்டைக்கு வரலம்மா. ஒரு பரிசோதனை வெச்சோம். தனி அறை, மேசைமேல ஒரு பிஸ்கட். பத்து நிமிஷம் தொடாம இருந்தா ரெண்டு தருவோம்னு சொன்னோம். இவ ஒரு நிமிஷம்கூட இருக்கல.

— தின்னுட்டாளா?

— எடுத்துட்டு வெளிய ஓடிட்டா. வராந்தாவுல நின்ன பிள்ளைங்களுக்குப் பிச்சுக் குடுத்துட்டா.

— அதுக்கு?

— பொறுமைக்குப் பூஜ்யம்.

— தூ! நாலு பிள்ளைங்க வெளிய நிக்குது, உள்ள உக்காந்து ரெண்டாவதுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தா அதுக்குப் பேரு பொறுமையா? குமட்டுது மேடம்.

— அதாவது, இன்னும் இருக்கு. அம்மா யாருன்னு கேட்டா நாலு பேரைக் காட்டறா.

— என் அக்காங்க ரெண்டு பேரு, அவ அத்தை, நான். சரியாத்தானே காட்டிருக்கா!

— ஃபாரத்துல ஒரு பேருக்குத்தாம்மா இடம்.

— அப்ப ஃபாரத்தைப் பெருசா அடிங்க. எங்களை ஏன் வெட்டறீங்க?

— போன வாரம் ஒரு பையனைக் கடிச்சிருக்கா. நீங்க யாரும் கண்டிக்கறதே இல்லையா?

— கண்டிக்காம? கடிபட்டவன் பக்கத்துலயே அவளை உக்கார வெச்சோம். அவன் அழுகை அடங்கற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. எங்க சனத்துல பிள்ளைங்க அதுக்குத்தான் பயப்படும். நீங்க என்ன செய்வீங்க?

— சுவரைப் பாத்து நிக்க வெப்போம்.

— ஏன், சுவரையா கடிச்சா?

— கோவப்படாதீங்க. இவளை விடுதியில சேக்கத்தான் இந்த அறிக்கை. பழங்குடிப் பிள்ளைங்களுக்குன்னே கட்டின விடுதி. நீங்க கையெழுத்துப் போட்டா திங்கக்கிழமை வண்டி வரும்.

— மூத்தவனையும் இப்படித்தான் வண்டி ஏத்திவிட்டேன். ஏழு வயசு. நாலாவது மாசம் உசுரில்லாம போர்வையில சுத்திக் கொண்டாந்து இறக்கினாங்க. எத்தனை நாளாக் காய்ச்சல்னு கேட்டேன். அங்க ஒருத்தருக்கும் தெரியல.

— கேள்விப்பட்டேம்மா. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்தது. இப்ப நிறைய மாறிடுச்சு. விடுதியில நல்லாப் பழகின பிள்ளை எப்படி இருக்கும்னு பயிற்சியில ஒரு மாதிரி அறிக்கையே குடுத்திருக்காங்க. பேரை மட்டும் அழிச்சிருக்கு. படிக்கறேன், கேளுங்க. "முதல் மாதம் அழுதான். இப்போது அழுவதில்லை. எதையும் கேட்பதில்லை. தனியாகத் தூங்குகிறான். உடம்பு சரியில்லாதபோதும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை."

— கடைசியில படிச்சதை இன்னொரு தடவை படிங்க.

— "உடம்பு சரியில்லாதபோதும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை." முழு மார்க் வாங்கிருக்கான்மா. உங்க பொண்ணும் இப்படி ஆகணும்னுதானே நாங்க...

— அந்தத் தாளுக்குப் பின்னாடி ஏதோ படம் தெரியுதே.

— அவன் வரைஞ்சது. கீழ "அம்மா"ன்னு எழுதிருக்கான். இதுல மட்டும் ஒரு சின்னத் தப்பு, பாருங்க. இடது கைக்கு ஆறு விரல் போட்டுட்டான். டீச்சர் சிவப்பு மையில ஒண்ணை அடிச்சுத் திருத்திருக்காங்க.

— பேனாவைக் கீழ வைங்க, மேடம். இந்தாங்க என் இடது கை. எண்ணுங்க.