நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

அமாவாசைக்குப் பாபநாசத்தில் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர். மலை எஸ்டேட்டுக்கு வாடகை வண்டி ஓட்டுகிற தம்பி ஒருவர், எலக்ட்ரிக் எஸ்யூவி புக் பண்ணப் போகிறார். கூட அவருடைய அத்தான்.

“பின்சக்கரம் மட்டும் இழுத்தாப் போதும்லே. விலையும் கொறவு, ஒரு சார்ஜுல கூடுதல் தூரமும் போவும்” என்றார் அத்தான்.

“போவும் அத்தான். போன மழைக்கு ஒரு பிள்ளைத்தாச்சிய ஏத்திட்டு வாரேன், பின்சக்கரம் ரெண்டும் சேத்துல நின்ன எடத்துலயே சுத்துது. பொறவு கட்டில்ல வச்சுல்லா தூக்கிட்டு எறங்கினோம். பிள்ள பொழச்சது கடவுள் செயல். எனக்கு நாலும் இழுக்கணும்.”

“மாடி கெட்ட வச்சிருக்க பணத்தயும் இதுல போட்டா, ஒம் பொண்டாட்டி சும்மா விடுவாளாலே?”

“அவதான் போடச் சொன்னா. மாடி பைய கெட்டிக்கிடலாம், மலை மேல உள்ள பொம்பளையளுக்கு வேற யாரு இருக்கான்னு கேக்கா.”

என் கைகள் தாமாகக் குவிந்தன. அத்தான் தம்பியின் தோளில் தட்டினார்.

“சரிலே, நாலும் இழுக்கதையே எடு. பூசையன்னைக்குச் சக்கரத்துக்கு அடியில வைக்க எலுமிச்சம்பழம் நான் வாங்கியாரேன். ஏத்தி நசுக்கும்போது முன்சீட்டுல அவள உக்கார வையி.”