பதினாறு டிகிரி

— ரிமோட்டைக் கீழ வைங்க, பிரபா.

— இருபத்தஞ்சு போதும் உமா. வெளிய மூணு நாளா மழை ஊத்துது, நீ பதினாறுல வெச்சிருக்க. மெஷின் கெட்டுப்போகும்.

— மெஷினுக்குத்தான் ரொம்பக் கவலை.

— முன்னெல்லாம் டிசம்பர்ல மட்டும்தான் இந்தக் கூத்து. இந்த வருஷம் செப்டம்பர்லேருந்தே ஆரம்பிச்சுட்ட.

— கூத்தா? ஆரம்பிச்சு வெச்சது யாரு? கல்யாணமான வருஷம், சிங்கப்பூர்ல குளிர்காலமே இல்லையேன்னு பொலம்பினது யாரு? எங்க தேனியில மார்கழி மாசம் கம்பளி போத்திக்கிட்டுப் படிச்சாத்தான் கதை மனசுல ஒட்டும்னு சொன்னது நானா?

— நான்தான் சொன்னேன். அதுக்கென்ன இப்ப?

— ஒன்பது வருஷம் லா. மழை ஆரம்பிச்சா ஏர்கானைப் பதினாறுக்கு இறக்கணும். ஒரே போர்வை, ஒரே தடி புத்தகம், உங்களுக்கு ஒரு அத்தியாயம், எனக்கு ஒரு அத்தியாயம். குளிர் நாட்டுக் கதையா இருக்கணும், அதுவும் நீங்க போட்ட ரூல்.

— இந்தா பாரு, வக்கீல் மாதிரி கேக்காத. இந்த வருஷம் எனக்கு அந்தப் புத்தகம் வேணாம். அவ்ளோதான்.

— லைப்ரரில ரிசர்வ் பண்ணி, ரெண்டு மாசம் காத்திருந்து எடுத்துட்டு வந்தேன். பனில புதைஞ்ச ஊரு, அதுல ஒரு தபால்காரன், அறுநூறு பக்கம். முதல் பக்கத்துலயே மூடி வெச்சுட்டீங்க.

— முதல் பக்கத்துலயே அவனுக்கு விரல் மரத்துப் போகுது. மேல படிக்கப் பிடிக்கல.

— வேற எது பிடிக்குதுன்னு நான் சொல்லவா? என் லைப்ரரி கார்டுலதான் எடுக்கிறீங்க, மறந்துட்டீங்க போல. எல்லாம் என் போன்ல வருது. பாலைவனத்துல கிணறு வெட்டுறவங்க. மொளகா காயப்போடுற ஊரு. கத்திரி வெயில்ல தேர் இழுக்கிற கதை. நாலு மாசமா நீங்க எடுத்த ஒரு புத்தகத்துலயும் மழையே இல்ல!

— வெயில் கதை படிக்கிறது குத்தமா?

— குத்தம் இல்ல. ஆனா புத்தகத்துக்குள்ள செருகி வெச்ச ரசீது எல்லாம் உட்லண்ட்ஸ் லைப்ரரி. வீடு ஃபேரர் பார்க், ஆபீஸ் தஞ்சோங் பகார். உட்லண்ட்ஸ் எங்கேருந்து வந்துச்சு?

— கிளையண்ட் மீட்டிங்.

— வாரம் மூணு தடவையா?

— ஆமா, மூணு தடவை. கொஞ்சம் விடுறியா?

— சரி, மீட்டிங்கை விட்டுட்டேன். இது என்ன?

— என் பையை ஏன் தொட்ட?

— தோய்க்க எடுத்தேன். அடில கிடந்துச்சு. அலாமாக், கம்பளி கிளவுஸ்! ரெண்டு ஜோடி தடி சாக்ஸ்! இந்த ஊர்ல யாருக்கு லா கிளவுஸ் வேணும்? எங்க கிளம்புறீங்க, ஜப்பானா, கொரியாவா? யாரோட?

— உமா, வாயை அடக்கு.

— அடக்க மாட்டேன். யாருதுன்னு கேக்குறேன்ல.

— ஃப்ரெண்டோடது.

— ஃப்ரெண்டோட சாக்ஸ்ல உங்க கால் நாத்தம் எப்படி வருது?

— விடுன்னா விட மாட்டியா நீ?

— விட மாட்டேன். அதோ, கதவுகிட்ட பாருங்க, என் பெட்டி. காலைலயே கட்டியாச்சு. யீஷூன்ல அக்காகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன். இப்ப உண்மையைச் சொல்லலன்னா நான் கிளம்பறேன். பொய் சொல்ற ஆளோட ஒரே போர்வைக்குள்ள உக்காந்து கதை படிக்க என்னால முடியாது.

— ஒரு புத்தகத்துக்காகப் பெட்டி கட்டுவியா?

— புத்தகத்துக்கா கட்டினேன்?

— பின்ன? உனக்குக் குளிர்னா விளையாட்டு. ரிமோட்ல இருக்கு. கைல சூடா மைலோ, மடில பனி பெய்யிற கதை. போரடிச்சா பட்டனை அமுக்குவ, நின்னுடும்.

— அப்ப உங்களுக்கு என்ன?

— எனக்கு அது வேலை!

— என்ன வேலை?

— ஃப்ரீசர் கிடங்கு. உட்லண்ட்ஸ்ல. மைனஸ் இருபது. இறால் பெட்டி, கோழிப் பெட்டி, ஐஸ்கிரீம் பெட்டி. ஆகஸ்ட்ல ஆபீஸ்ல ஆளைக் குறைச்சாங்க, அதுல நானும் ஒருத்தன். இப்ப பெட்டி தூக்கறேன். போதுமா? உள்ள போனா மூச்சு விடும்போது மூக்குக்குள்ள ஊசியா குத்தும். அப்பப்ப வெளிய விடுவாங்க. அந்த நேரத்துல படிக்கிறதுதான் உன் போன்ல வந்த கதையெல்லாம். மொளகா காயிற ஊரைப் பத்தி ரெண்டு பக்கம் படிச்சா, விரல் எனக்குத் திரும்பி வர்ற மாதிரி இருக்கும். அந்த மனுஷனைப் போயி உன் தபால்காரனைப் படிக்கச் சொல்ற!

— நாலு மாசமா டை கட்டிக்கிட்டுத்தானே வாசப்படி இறங்கினீங்க?

— ஆமா. ஸ்டேஷன் டாய்லெட்ல மாத்திப்பேன். கூட வேலை பாக்குற ஒலி முகம்மதுக்கு என் கதை மொத்தமும் தெரியும். உனக்குச் சொல்லத்தான் வாய் வரல.

— ஏன் வரல?

— உங்க அக்கா வீட்ல உக்காந்து ‘எங்க பிரபா, எங்க பிரபா’ன்னு பேசுவியே, அந்த முகத்தைப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது? சரி, சொல்லியாச்சு. இறால் பெட்டி தூக்கறவனோட இருக்க அசிங்கமா இருந்தா பெட்டியை எடு. கிளம்பு!

— கத்தாதீங்க. எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— எல்லாம் தெரியும். செப்டம்பர்ல ஒரு நாள் கண்ணாடியை மறந்துட்டுப் போனீங்க. எடுத்துக்கிட்டு தஞ்சோங் பகார் வந்தேன். அவர் வேலையை விட்டுப் போயி ஒரு மாசமாச்சேம்மான்னு செக்யூரிட்டி சொல்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? மறுநாள் உங்க பின்னாலயே ரயில் ஏறினேன். உட்லண்ட்ஸ்ல, மத்தியானம், ஊரே நிழல்ல ஒதுங்கி நிக்குது. நீங்க மட்டும் அந்த ஃப்ரீசர் கிடங்குக்கு எதிர்ல, பஸ் ஸ்டாப்புக்கு வெளிய, மொட்டை வெயில்ல, கக்கத்துல புத்தகத்தை இடுக்கிக்கிட்டு கையைத் தேய்ச்சுக்கிட்டு நின்னீங்க.

— அப்ப ஜப்பான், கொரியா, யாரோடன்னு கேட்டதெல்லாம்?

— கோவத்துல கேட்டேன். செக்யூரிட்டிக்குத் தெரியுது, ஒலி முகம்மதுக்குத் தெரியுது, பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாது. கோவம் வராதா?

— அடி ராட்சசி! மைனஸ் இருபதுல வேலை பாக்குறவன்னு தெரிஞ்சுமா, தினம் தினம் வீட்டையும் பதினாறுல வெச்ச?

— ‘உமா, குளிருது’ன்னு ஒரு நாளாவது என்கிட்ட சொல்வீங்களான்னு பாக்கத்தான்.