சூளை வாசலில் கிடந்த செருப்பு

வெயிலில் கிடந்தால் ரப்பர் செருப்பு இளகிப்போகும். அதனால்தான் தம்பியின் செருப்பை எடுத்துப் பட்டறைக்குள் வைத்தேன் என்று காலையில் ஸ்டேஷனில் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள், சார். மீதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகள் வெண்பா ஆறு வயதில் காய்ச்சல் வந்து செத்துப்போனாள். அதன்பிறகு கம்ப்யூட்டரில் ஒரு சின்ன விளையாட்டு செய்தேன். அதில் அவள் மணிமுத்தாற்று மணலில் கிளிஞ்சல் பொறுக்குவாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். சிரிப்பு, என் போனில் இருந்த அவளுடைய சிரிப்பேதான். அதில் யாரும் தோற்க முடியாது. நாற்பது பேர் விளையாடியிருப்பார்கள்.

தம்பி அறிவழகன் எங்கள் பீங்கான் பொம்மைப் பட்டறையைப் பார்த்துக்கொண்டே விளையாட்டுகளும் செய்தான். அவனுடையதை லட்சம் பேர் ஆடினார்கள். ஒரு விளையாட்டின் ஆள் இன்னொன்றில் விருந்தாளியாக வந்து போவது விளையாட்டு செய்கிறவர்களிடையே சாதாரணமாம்.

"பாப்பாவ என் கேமுல ஒரு ஓரமா நடக்க வுடறேங்கா. நாலு பேரு பாக்கட்டும்" என்றான். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

நடக்கத்தான் விட்டிருந்தான். ஆடுகிறவர்கள் கல்லால் அடித்தால் பீங்கானாக உடைவாள். உடையும்போது சிரிப்பாள். அதற்கு ஐம்பது புள்ளி. காலை இழுத்து நடப்பதால் குறி தப்பாது என்று ஒருவர் வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை கேட்டேன். "அதுக்குன்னே வராங்கக்கா. வெறும் பொம்மதான" என்றான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். சூளைக்குள் பொம்மை அடுக்கப் போகிறவர் செருப்பை வாசலில் விடவேண்டும். செருப்பு கிடந்தால் கதவைச் சாத்தமாட்டார்கள். செருப்பு இல்லையென்றால் உள்ளே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

செவ்வாய் மதியம் தம்பி காதில் ஹெட்செட்டோடு உள்ளே போய், பின்வரிசையில் குந்தி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் செருப்பை எடுத்தேன். நெருப்பு போடும் விருத்தகிரி அண்ணன் வந்து வாசலைப் பார்த்தார்.

"தம்பி எங்கம்மா?"

"டீ குடிக்கப் போயிருக்கான். நீங்க சாத்துங்கண்ணே."

இரும்புக் கதவைச் சாத்தித் திருகிவிட்டு பர்னரைப் பற்றவைத்தார். அவர்மேல் தப்பே இல்லை, அவரை விட்டுவிடுங்கள். காற்று மெஷின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவோரம் நின்ற எனக்குக் கேட்டது. அக்கா என்றுதான் கூப்பிட்டான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணனைச் சாப்பிட அனுப்பினேன்.

கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள், சார். எனக்குக் கோபமே வராது. அவன் கதவைத் தட்டத் தட்ட நிதானமாக எண்ணிக்கொண்டு நின்றேன். ஐம்பது வரும் என்றிருந்தேன். நாற்பத்தொன்றில் நின்றுவிட்டது.